வீட்டில்தானே இருக்கிறான்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தண்ணீர் வடிகட்டியால் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான பிறப்பு இல்லைதான். மறைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது? வடிகட்டி மக்கர் செய்தது. மெக்கானிக் "காலையிலேர்ந்து சாயந்திரத்துக்குள்ள எப்பவாச்சும் வருவேன்" என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். எனக்கோ அன்று பல் டாக்டர். படிக்கட்டில் நின்று புலம்பியபோது மூன்றாம் மாடி வங்கிக்காரம்மா சொன்னார்: "முதல் மாடித் தம்பிகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போங்க. அவன் வீட்லதானே இருக்கான்."

கொடுத்துவிட்டுப் போனேன். வீங்கிய கன்னத்தோடு திரும்பியபோது குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தம்பி சாவியை நீட்டினான்.

"அக்கா, மெக்கானிக் ரொம்ப லேட்டு. சும்மா உக்காந்திருந்தேனா, மேசைல இருந்ததப் படிச்சுட்டேன். தப்பா நெனைக்காதீங்க. அதுல அந்த வாத்தியார் டீயக் குடிச்சு முடிச்சுடறாரு. அடுத்த பக்கத்துல அதே டீய மறுபடியும் எடுத்துக் குடிக்கிறாரு."

எடுத்துப் பார்த்தேன். குடித்துத்தான் தொலைத்திருந்தார். அந்தக் கதையை என் பதிப்பாளர் படித்திருந்தார், நண்பர்கள் படித்திருந்தார்கள், ஒருவர் உருகி அழுததாகக்கூடச் சொன்னார். டீ யார் கண்ணிலும் படவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், வாய் சும்மா இருக்காமல், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"இப்ப என்ன தம்பி பண்ணிட்டு இருக்க?"

"வீட்லதான்க்கா இருக்கேன்" என்றான். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்வது போல, நிதானமாகச் சொன்னான்.

அந்த வாரமே, உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்க. ஆனா அம்மா படிப்பாங்க. பாத்து எழுதுங்க" என்றான்.

பார்த்துத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

[அவன் ஜன்னல் கம்பிகளைப் பிடித்தபடி தெருவை வெறித்துக்கொண்டிருந்தான். வெளியே உலகம் தன் பாட்டுக்கு—]

கைவிட்டேன். கதைகளில் வேலை கிடைக்காதவர்கள் அத்தனை பேரும் ஜன்னலோரமாகத்தான் நிற்கிறார்கள். நம் ஆளுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை.

இரண்டாவது:

[பல நாள் தாடியைச் சொறிந்துகொண்டே அவன்—]

பொய். தம்பி தினமும் சவரம் செய்கிறான். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறவன் திருடன் மாதிரி இருக்கக் கூடாது என்பது அவன் கட்சி.

மூன்றாவது:

[இளைஞர்களின் நீண்டகால வேலையின்மை என்பது ஒரு சமூகம் தன்னைத் தானே—]

எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.

அப்பாவை வைத்தும் ஒரு தொடக்கம் எழுதி, எடுத்துவிட்டேன். வேலையில்லாத பையன் கதையில் அப்பா வந்தால் அவர் பேசியே ஆக வேண்டும். என்ன பேசுவார் என்று உங்களுக்கே தெரியும். நிஜத்திலும் அவர் வேறு ஊரில்தான் வேலை பார்க்கிறார், போனில் அதையேதான் பேசுகிறார். ஆக, கதைக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

ஆணிப் பலகையிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

3

முதல் மாடி வீட்டுக் கதவைத் திறந்ததும் இடது கைப் பக்கம் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வீட்டின் சாவி. அதே இடத்தில்தான் முன்பு அவனுடைய பட்டமளிப்புப் படம் தொங்கியது. கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், உலகத்தையே வாங்கிவிடுவது போல ஒரு சிரிப்பு. சாவிகள் பெருகப் பெருக, படம் சமையலறைப் பக்கம் நகர்ந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சாவிக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இயந்திரவியல் படித்தவன். படித்து முடித்த சூட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். சேர்ந்த சூட்டில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.* அதற்குப் பிறகு எதுவும் அமையவில்லை. முதல் வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் "பாத்துட்டு இருக்கேன்" என்றான். இரண்டாவது வருடம் கேட்பவர்கள் குறைந்தார்கள். மூன்றாவது வருடம் சாவி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

(* இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் சிரிக்காமல் சொல்வான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நானும் தலையை ஆட்டி வைத்தேன்.)

காலையில் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். அம்மா நர்ஸ். அங்கே உடன் வேலை பார்ப்பவர்கள் மகனைப் பற்றி விசாரித்தால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்" என்பார். அதிலும் பொய் இல்லை. காலையில் அவன் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்து விண்ணப்பங்களை அனுப்புகிறான். 'தங்கள் விண்ணப்பம் மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது, வருந்துகிறோம்' என்று சில இடங்களிலிருந்து அவன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் பதில் வந்துவிடும். அவ்வளவு கவனம்.

அடுத்து தங்கை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, அண்ணனை விட இளையவள், அண்ணனை விட வாய் நீளம். அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பது அவன்.

"அண்ணா, காலர்ல ஒரு மடிப்பு இருக்கு."

"அது டிசைன்."

"உன் தலை டிசைன்."

இப்படித்தான் அவர்கள் பாசத்தைக் காட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டடத்தில் 'நீ வீட்லதானே இருக்க' என்ற சொல்லை அவனிடம் சொல்லாத ஒரே ஆள் அவள்.

அவளும் போன பிறகு மணி அடிக்கத் தொடங்கும். அந்த வீட்டு அழைப்புமணி தீயணைப்பு வண்டியில் வைக்க வேண்டியது. தவறி வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். கூரியர், கேஸ் ஆள், குழாய் ரிப்பேர்க்காரர், சோபா அளவெடுக்க வந்தவர், எல்லாரும் கீழே வந்ததும் முதல் மாடிக்கு வந்து அதைத்தான் அழுத்துவார்கள். தம்பி சாவியை எடுத்துக்கொண்டு கூடவே போவான். வேலை முடியும்வரை ஒரு நாற்காலியில், அதுவும் நுனியில், உட்கார்ந்திருப்பான். அடுத்தவர் வீட்டில் சாய்ந்து உட்காரக் கூடாது என்பதும் அவன் கட்சிதான்.

அவன் சுறுசுறுப்பைப் பார்த்துவிட்டு, "நீ ஒரு நாள் ஊருக்குப் போயிட்டா நாங்க என்ன ஆவோம்னே தெரியல தம்பி" என்றாராம் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எங்கே போவது என்று அவனுக்கும் தெரியவில்லை.

4

இனிமேல் வருவது நிஜமாக நடந்தது. நானாக இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து அவனை நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீடியோவில். நெடுநாள் கழித்து, வருந்துகிறோம் என்று சொல்லாத ஒரு பதில். அம்மா அன்று வேலைக்குப் போகும்போது அவன் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். தங்கை முதல் நாளே பாடம் நடத்தியிருந்தாள்.

"நடுவுல என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"வீட்ல இருந்தேன்னு."

"கிழிஞ்சுது. புதிய திறன்களை வளர்த்துக்கிட்டேன்னு சொல்லு."

"என்ன திறன்னு கேட்டா?"

"அதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. யாருக்கும் அவ்ளோ அக்கறை கிடையாது."

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் கட்டும் கைலி. திரையில் மூன்று பேர். ஒருவர் பெரியவர், சிரித்த முகம். ஒருவர் கண்ணாடி போட்ட அம்மா. மூன்றாமவர் ஒலியை அணைத்துவிட்டு எதையோ மென்றுகொண்டிருந்தார். படிப்பைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் தம்பி நன்றாகவே பதில் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்து, கிடைத்துவிடுமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

கண்ணாடிக்கார அம்மா காகிதத்தைப் பார்த்தார்.

"படிச்சு முடிச்சு இவ்ளோ வருஷம் ஆயிடுச்சே. இந்த இடைவெளியில என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

தம்பி வாயைத் திறந்தான்.

மணி அடித்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான்.

வங்கிக்காரம்மாவுக்குப் புது வாஷிங் மெஷின் வந்திருந்தது. லிஃப்டில் நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் இடிக்குமா என்று தம்பி கையால் அளந்து பார்த்து, சாய்த்துத் தூக்கச் சொன்னான். தூக்கி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான், கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தான், சாவியை அதன் ஆணியில் மாட்டினான். பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். திரையில் ஒரே ஒரு முகம் இருந்தது, அவனுடையது.

சாயந்திரம் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எப்படிப் போச்சு?"

"நடுவுல மணி அடிச்சுது."

"சரி."

"எந்திரிச்சுப் போயிட்டேன்."

"எந்திரிச்சா? இன்டர்வியூ நடக்கும்போதா?"

"வாஷிங் மெஷின் வந்துச்சு."

"நமக்கா?"

"மூணாவது மாடிக்கு."

"அடப்பாவி! அடிச்சா அடிச்சுட்டுப் போகுதுன்னு விட வேண்டியதுதானே?"

"அடிச்சுதே" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைலியைப் பார்த்துச் சிரித்தாள், ஆணிப் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கு எந்தச் சட்டை?" என்று கேட்டான்.

"நீலம்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

5

இங்கேதான் கதை என்னிடம் மாட்டிக்கொண்டது, அல்லது நான் அதனிடம். அவன் ஏன் எழுந்தான்? இரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

[பழக்க தோஷம், மணி அடித்தால் அவன் கால்கள் தாமாகவே எழுந்துவிடும்.]

[அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் ஓடினான்.]

எது சரி என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. என் பாத்திரம் முதல் மாடியில் உயிரோடு இருப்பதால், அதுவரை எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் அவனிடமே கொடுத்தேன். 'எப்படியும் வீட்டில்தானே இருப்பான்' என்று படியிறங்கும்போது நினைத்தேன். நானும் நினைத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தான். இரண்டு வாக்கியங்கள் வந்த இடத்தில் நின்றான். எதையும் அடிக்கவில்லை.

"அந்தம்மா கேட்டதும் நெஞ்ச அடைச்சுடுச்சுக்கா. திறன் கிறன் எதுவும் வாய்ல வரல. மணி அடிச்ச உடனேதான் மூச்சே வந்துச்சு." பேனாவைக் கீழே வைத்தான். "கதவத் தெறந்தா, தூக்கிட்டு வந்தவரு என்னப் பாத்து 'அப்பாடா, ஆள் இருக்கு'ன்னாரு. அந்த ரெண்டு பேர்ல யார்கிட்ட போவீங்க, சொல்லுங்க?"

நான் எழுதிய இரண்டு வாக்கியங்களையும் நானே அடித்தேன்.

"சரி, எப்படி முடிக்கப் போறீங்க?" என்றான்.

வைத்திருந்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றில், அவன் திரும்பி வரும்போது அந்த மூன்று பேரும் காத்திருக்கிறார்கள். பொறுப்புள்ள பையன் என்று மெச்சி, உடனே வேலை கொடுத்துவிடுகிறார்கள்.

"ஐயோ, வேணாம். அம்மா படிச்சா, பாரு, கதைல இருக்கறவனுக்குக்கூடக் கெடைச்சிடுச்சுன்னு சொல்லுவாங்க."

இன்னொன்றில், சாவி பார்த்துக்கொள்வதையே தொழிலாக்கி, ஊர் முழுக்கக் கிளைகள் திறந்து முதலாளி ஆகிறான். இதைச் சங்கச் செயலாளர் நிஜத்திலேயே சொன்னாராம், பிரமாதமான யோசனை என்று. யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டதும், அவருக்கு ஒரு போன் வந்துவிட்டதாம்.

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. சொல்லவும் இல்லை. ஆனால் மொட்டைமாடி என்ற சொல்லை எழுதி அடித்த இடம் தாளில் அப்படியே இருந்தது. நான் சரியாக அடிக்கவில்லை போலிருக்கிறது. அவன் அதன்மேல் விரலை வைத்தான்.

"மொட்டைமாடி சாவியும் என்கிட்டதான் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

"நான் அங்க தண்ணித் தொட்டி பாக்கத்தான் போறேன். இத எழுதினீங்கன்னா அம்மா மொதல்ல அந்தச் சாவியத்தான் வாங்கி வெச்சுக்குவாங்க. அப்புறம் தொட்டிய யாரு பாக்கறது? கட்டடம் மொத்தமும் குளிக்காம ஆபீஸ் போகும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "நெஜமாத்தானே சொல்ற?" என்று கேட்டேன்.

"நெஜமாத்தான்க்கா. சில நாள் கஷ்டமாத்தான் இருக்கு. அழுகைகூட வரும். ஆனா அதுக்கும் நடுவுல யாராச்சும் வந்து மணி அடிச்சிடறாங்க."

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

6

இந்த இடத்தில் கதையைச் சில மாதம் தூக்கிப் பரணில் போட்டேன். முடிவில்லாத கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு எழுதினேன். வாத்தியாரின் டீயைச் சரிசெய்தேன்.

இன்று காலை என் கதவைத் தட்டினார்கள். தம்பி நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, இந்த முறை பேண்ட். ஒரு கையில் கம்ப்யூட்டர். இன்னொரு கையில் ஆணிப் பலகை, சாவிகளோடு அப்படியே சுவரிலிருந்து கழற்றியது.

"அக்கா, இன்னிக்கு இன்டர்வியூ. தண்ணி மீட்டர் கம்பெனி, புகார்ப் பிரிவு. உங்க வீட்ல உக்காந்து பேசட்டுமா? உங்க வீட்டு மணிதான் அடிக்காதே."

அடிக்காது. எழுதும்போது தொந்தரவு என்று நான்தான் எப்போதோ கம்பியைப் பிடுங்கிவிட்டேன். தாராளமாக உட்கார் என்றேன். பலகை எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க எங்க வீட்ல போய் உக்காருங்க. மூணாவது மாடிக்கு கேஸ் வரும், ரெண்டாவது மாடிக் கடைசி வீட்டுக்கு எலக்ட்ரீசியன் வருவாரு. சாவில நூல் கட்டியிருக்கேன், கலர் பாத்து எடுத்துக்கோங்க."

"தம்பி, எனக்கு வேலை இருக்கு. எழுதிட்டு இருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குறும்பு இருந்ததா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"அத எங்க வீட்லயும் எழுதலாமே. நீங்களும் வீட்லதானே இருக்கீங்க?"

இத்தனை வருடம் எழுதுகிறேன், விருதுகூட ஒன்று வாங்கியிருக்கிறேன். பலகையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இதை அவன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரே சமையலறைச் சுவரில் பட்டமளிப்புப் படம். முதல் மணி அடித்ததும் நாற்காலியோடு சேர்ந்து நானும் குதித்தேன். கேஸ். நூலின் நிறத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆளைச் செயலாளர் வீட்டுக்குள் விட்டுவிட்டேன். அவர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி, "தம்பி இல்லீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். இரண்டாவது மணிக்கு எலக்ட்ரீசியன்; அவரும் அதையே கேட்டார். மூன்றாவது மணிக்கு ஒரு பார்சல், எனக்கே வந்தது. இங்கேதான் கொடுப்பது வழக்கம் என்றார் கூரியர்.

நடுவில் போன் அடித்தது. தங்கை.

"அக்கா, அண்ணன் போன எடுக்க மாட்டேங்கறான். எங்க இருக்கான்?"

"எங்க வீட்ல. இன்டர்வியூல."

"நீங்க?"

"உங்க வீட்ல."

அவள் அலுவலகத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"மணி அடிச்சா?" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்."

"சரிக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

7

இப்போது ஒன்றைக் கவனித்தேன். கதை எழுதுகிறவள் இதை முன்பே கவனித்திருக்க வேண்டும்.

இந்த மணி மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். என் வீடு இரண்டாம் மாடியில், இந்த வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. என் வீட்டு மணி அடிக்காதுதான். இந்த மணி அங்கே சுவர் அதிரக் கேட்கும். நான் குடியிருந்து அனுபவிக்கிறவள், எனக்குத் தெரியாதா? அவனுக்கும் தெரியும்.

மூன்று முறை அடித்துவிட்டது. அவன் இறங்கி வரவில்லை.

கேட்டிருப்பான். வாயைத் திறந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே கேட்டிருப்பான். கால் துடித்திருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்ன பதில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. திறன்கள் என்றானா, சாவிகள் என்றானா, வீட்டில்தான் இருந்தேன் என்றானா, தெரியாது. எனக்கு இங்கே அழுகை வருகிறது. அதை மட்டும் தெரிந்ததாக எழுதுகிறேன்.

கதையை இத்தோடு நிறுத்திவிடலாம். [இவ்வாறாக அவன்—] இல்லை, வேண்டாம். நிறுத்தினால், வேலை கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கும் அந்த ஒரே கேள்விதான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்று இந்த வீட்டிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மணி அடிக்கிறது.

அவனாக இருக்கலாம். அவன் வீட்டுச் சாவியும் சேர்ந்து இந்தப் பலகையில்தான் தொங்குகிறது, அடித்துத்தான் ஆக வேண்டும். கூரியராகவும் இருக்கலாம். நான் இந்த வரியை எழுதி முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் அதுவே ஒரு முடிவாகிவிடும், அதை எழுதும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

நீங்கள் கொஞ்சம் போய்க் கதவைத் திறங்கள். பார்சல் என்றால் வாங்கி வையுங்கள். அவன் என்றால் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள். முதலில் உள்ளே வரட்டும், அவனுடைய வீடு, சாய்ந்து உட்காரட்டும்.

இன்னொரு தடவையும் அடித்துவிட்டது. எழுந்திருங்கள். எப்படியும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்.